பதினைந்தாயிரம் வேலி

1,00,000 ஏக்கர் என்றால் நம்ம ஊர்க் கணக்கில் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. வேலிக்கு ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைச்சல். அப்படியானால் 15,000 வேலி. திருக்கடையூரில் ஒரு வேலி நிலம் இருந்தாலே வசதியான குடும்பம் என்போம். பத்து வேலி இருந்தால் மிராசுதார். 15,000 வேலியை ஒரே ஆள், ஒரே பத்திரத்தில், 99 வருஷக் குத்தகைக்கு வாங்கினார். வருஷத்துக்கு 200 பவுண்டு குத்தகை. அந்தக் காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் புழங்கியது நம்ம இந்திய ரூபாய்தான். பவுண்டுக்கு 15 ரூபாய். ஆக மூவாயிரம் ரூபாய். வேலிக்கு மூன்றணா சொச்சம். அதே காலத்தில் தஞ்சாவூர் ஜில்லா நஞ்சைக்கு ஏக்கருக்கே ரூபாய்க் கணக்கில் கிஸ்தி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாங்கியவர் ஹியூ சம்லி. மூன்றாவது டெலமேர் பிரபு. இங்கிலாந்தில் செஷயரில் 1870இல் பிறந்து, கென்யாவில் குடியேறி, ஆடு மாடு கோதுமை என்று எல்லாவற்றிலும் பணத்தைக் கொட்டி, அந்த நாட்டு வெள்ளைக்காரப் பண்ணையார்களுக்கெல்லாம் தலைவராக இருந்து, 1931இல் பெருங்கடனோடு செத்துப்போனவர்.

இவரைப் பற்றிக் காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். காரணம் நம்ம வலங்கைமான். வெடிக்கும் பாடைகட்டி மாரியம்மனுக்கும் பேர்போன அதே ஊர்தான். அங்கே 1869இல் ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. கும்பகோணத்தில் படித்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து, கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, அவருக்குப் பிறகு அதன் தலைவரானவர். இங்கிலீஷ் பேச்சில் வெள்ளைக்காரர்களே வாயடைத்துப் போவார்கள் என்று பெயர். 1923இல் லண்டனில் கென்யாப் பிரச்சினை பேசப்பட்டபோது, ஒரு பக்கம் டெலமேர், எதிர்ப்பக்கம் சாஸ்திரியார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சாஸ்திரியாரைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் டெலமேர் எனக்குக் கிடைத்தார். அப்புறம் இவரை விட முடியவில்லை.

டெலமேருக்குப் பதினேழு வயதில் அப்பா போய்விட்டார். பட்டமும் எஸ்டேட்டும் கைக்கு வந்தன. படிப்பில் நாட்டமில்லை, வேட்டைதான் உயிர். 1891இல் சோமாலிலாந்துக்குச் சிங்க வேட்டைக்குப் போனவர், அதன்பிறகு வருஷா வருஷம் போக ஆரம்பித்தார். 1894இல் ஒரு சிங்கம் அவரைக் கீழே தள்ளிக் காலைக் கடித்துக் குதறியது. அவருடைய துப்பாக்கி தூக்கிய அப்துல்லா அஷூர் என்ற சோமாலிக்காரர் வெறுங்கையோடு சிங்கத்தின் மேல் பாய்ந்தார். அந்த இடைவெளியில் டெலமேர் துப்பாக்கியை எடுத்தார், பிழைத்தார். அன்று முதல் சாகும்வரை கால் தாங்கித் தாங்கித்தான் நடந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சொல்லும் கதை இது. அப்துல்லா அஷூர் இல்லையென்றால் டெலமேர் இல்லை. இப்படித் தன் பக்கத்தில் நின்ற மனிதர்களின் தயவில்தான் அவருடைய வாழ்க்கை முழுக்க ஓடியிருக்கிறது.

1897இல் ஒட்டகக் கூட்டத்தோடு சோமாலிப் பாலைவனத்தைக் கடந்து தெற்கே வந்தவர், கென்ய மேட்டு நிலத்தைப் பார்த்தார். வறண்ட மண்ணிலேயே மாசக்கணக்கில் நடந்து வந்த கண்ணுக்கு முன்னால் குளிர்ச்சியான காற்று, ஓடைகள், எட்டிய மட்டும் புல். அதில் மனிதரும் மாடும் அதிகம் இல்லை. காலி நிலம் என்று அவர் நினைத்தார். அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்த நிலம் ஏன் காலியாகக் கிடந்தது என்பதை இங்கே நின்று சொல்லியாக வேண்டும். 1890களின் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் வெக்கை நோய் பரவியது. மாட்டுக்கு வாயிலும் மூக்கிலும் நீர் கொட்டி, வாய்ப்புண் வந்து, கழிச்சல் கண்டு, பத்து நாளைக்குள் சாய்ந்துவிடும் நோய். நம்ம ஊரிலும் கிராமம் கிராமமாகத் தொழுவத்தைக் காலி செய்த நோய்தான் அது. இத்தாலியப் படை 1887இல் எரித்ரியாவுக்கு இறக்கிய மாடுகளோடு அந்த நோய் ஆப்பிரிக்காவுக்குள் போனது என்றும், அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து ஏற்றப்பட்டவை என்றும் சொல்கிறார்கள். மாசாய் மக்களுக்கு மாடுதான் சோறு, சீதனம், சொத்து. பத்து மாட்டில் ஒன்பது செத்தது. பின்னாலேயே பெரியம்மை வந்து மனிதர்களைக் கொண்டுபோனது. மிச்சமிருந்தவர்கள் தங்களுக்குள்ளேயே இரண்டு அண்ணன் தம்பித் தலைவர்களின் பின்னால் நின்று சண்டை போட்டார்கள். டெலமேர் கண்ணில் பட்டது இந்த மூன்று அடியும் விழுந்த பிறகு இருந்த புல்வெளி. குடும்பமே நோயில் படுத்திருக்கும்போது வாசலில் நின்று, வீட்டில் ஆளில்லை என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி.

வெக்கை நோய் இப்போது உலகத்திலேயே கிடையாது. 2011இல் ஒழிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் அடியோடு ஒழித்த நோய் அதுதான். அதற்கான தடுப்பூசி வேலையில் நம்ம முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இது ஒரு பாடமாகவே இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, டெலமேருக்கு வருவோம். 1899இல் கல்யாணம். மனைவி ஃபுளோரன்ஸ், அயர்லாந்துப் பிரபு ஒருவரின் மகள். 1903இல் இரண்டு பேரும் கென்யாவில் தங்கிவிட முடிவெடுத்தார்கள். மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை ரயில் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. அந்தப் பாதையைப் போட்டவர்கள் இந்தியக் கூலிகள். 1896 முதல் 1901 வரை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். போட்ட ரயிலுக்கு வரும்படி வேண்டுமே என்றுதான் ஆணையர் சார்லஸ் எலியட் வெள்ளைக்காரக் குடியானவர்களைக் கூவிக் கூவி அழைத்தார். டெலமேருக்கு முதலில் கேட்ட இடங்கள் கிடைக்கவில்லை. கடைசியில் நிஜோரோ பக்கம் அந்த 15,000 வேலி கிடைத்தது. ஐந்து வருஷத்துக்குள் 5,000 பவுண்டு செலவழித்து நிலத்தைச் சீர்படுத்த வேண்டும் என்று ஒரு நிபந்தனை. பூமத்தியரேகைப் பண்ணை என்று பெயர் வைத்தார்.

அங்கே ஒரு மண் வீட்டில், புல் கூரைக்குக் கீழே இங்கிலாந்துப் பிரபுவும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். மாளிகை கட்ட வந்தவரில்லை. விடியுமுன் எழுந்து மந்தையைப் பார்க்கப் போனவர். மாசாய் மொழியைப் பழகிக்கொண்டு, ராத்திரியில் மாசாய்க் கிழவர்களோடு உட்கார்ந்து மாடு பற்றியே மணிக்கணக்கில் பேசியவர். மாட்டை நேசிக்கிற ஆளை மாட்டை நேசிக்கிற ஆள் கண்டுகொள்வார்; அவர்களுக்குள் அந்த நெருக்கம் உண்மையானது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் நிலம் அவரைக் கைவிட்டது. முதலில் நியூசிலாந்திலிருந்து மெரினோ ஆடுகளை இறக்கினார். பெரும்பகுதி செத்தது. மண்ணில் தாதுச் சத்துக் குறைவு. புல் பச்சையாக இருந்தாலும் மேய்ந்த ஆடு தேறவில்லை. மாசாய்கள் தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தில் மந்தையை நிறுத்தாமல் ஒதுங்கியே போயிருக்கிறார்கள். ஏன் ஒதுங்கினார்கள் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒருவரிடம் கேட்டிருந்தால் போதும். அடுத்தது மாடு. உள்ளூர்ப் பசுக்களுக்கு ஷார்ட்ஹார்ன் போன்ற இங்கிலாந்துக் காளைகளைச் சேர்த்தார். உண்ணி வழியாகப் பரவும் கிழக்குக் கரைக் காய்ச்சல் வந்து மந்தையை அள்ளிக்கொண்டு போனது. மிச்சத்தை நுரையீரல் நோய் பார்த்துக்கொண்டது.

இதைப் படிக்கும்போது எனக்கு உம்பளாச்சேரி மாடுதான் ஞாபகம். டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தலைஞாயிறு பக்கத்தில் இருக்கும் உம்பளாச்சேரிக் கிராமத்தின் பேரைத் தாங்கிய நாட்டு மாடு அது. உயரம் குறைவு. கால் நாலும் கீழே வெள்ளை, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும். ஆறேழு மாசத்தில் மெல்ல மெல்லச் சாம்பல் நிறத்துக்கு மாறும். கருஞ்சாம்பல் முதுகில் இன்னும் சிவப்பு விட்டுப்போகாத கன்றைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தடவினால் இரண்டு நிறமும் ஒரே மயிர்க்காலில் இருக்கிறாற்போல் தெரியும். எருதுக்குக் கொம்பைத் தீய்த்துவிடுவது வழக்கம். அதனால் மொட்டை மாடு என்றும் சொல்வார்கள். முழங்கால் ஆழச் சேற்றில் நாள் முழுக்க நின்று உழும். கடலோர உப்பு மண்ணில் முளைக்கும் புல்லைத் தின்றே வளரும். பால் குறைவு என்பதற்காக இதற்குப் பதில் ஜெர்சி, கலப்பினம் என்று ஊர் முழுக்க மாறியது. பால் கூடத்தான் செய்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் கலப்பின மாடு மூச்சிரைத்துக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே நிற்பதையும், கால்நடை மருத்துவருக்கு மாசா மாசம் ஆகும் செலவையும் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பார்க்கலாம். ஓரிடத்து நோயையும் வெயிலையும் தாங்கி நிற்க ஒரு மாட்டினத்துக்கு ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும். கென்யாக்காரர்களும் பின்னால் திமில் உள்ள மாட்டுக்குத்தான் திரும்பினார்கள். போரானா மக்களின் மாட்டிலிருந்து போரான் என்ற இனத்தைத் திருத்தி எடுத்தார்கள். பால் மாட்டுக்கு நம்ம பக்கத்துச் சாஹிவாலைக் கொண்டுபோய், நைவாஷாவில் அதற்கென்றே ஒரு பண்ணை வைத்தார்கள்.

டெலமேர் விடவில்லை. மாடு போனதும் கோதுமைக்குத் திரும்பினார். நூற்றுக்கணக்கான ஏக்கர் விதைத்தார். துரு நோய் வந்து கதிரைத் தின்றது. ஒரு ஆராய்ச்சியாளரைச் சம்பளத்துக்கு வைத்து, சொந்தச் செலவில் ஆய்வுக்கூடம் கட்டி, துரு தாங்கும் ரகத்தைத் தேடினார். விளைந்த கோதுமையை அரைக்க உங்கா என்ற மாவு ஆலையைத் தொடங்கினார். அந்தக் கம்பெனி இன்றைக்கும் நடக்கிறது. இதற்கெல்லாம் பணம்? இங்கிலாந்துப் பூர்வீகச் சொத்தை அடமானம் வைத்தார். அது தீர்ந்ததும் வங்கிகளில் கடன். ஃபுளோரன்ஸ் 1914இல், நாற்பது வயதைத் தொடாமலே போய்விட்டார். எழுத்தாளர் எல்ஸ்பெத் ஹக்ஸ்லி 1935இல் இரண்டு பாகமாக இவர் வாழ்க்கையை எழுதினார். அதைப் படிக்கிறவர்களுக்கு இவர் ஒரு தியாகி மாதிரியே தெரிவார். தன் கைக்காசைப் போட்டு ஒரு நாட்டின் விவசாயத்துக்கே சோதனைச்சாலையாக இருந்தார் என்பதும் பொய்யில்லை.

தோற்றுப்போன நிஜோரோவை விட்டுவிட்டு, மாட்டுப் பண்ணையைக் கீழே பிளவுப் பள்ளத்தாக்குக்கு மாற்றினார். எல்மென்டைட்டா ஏரிக்கரையில் சொய்சாம்பு. ஐம்பதாயிரம் ஏக்கருக்குப் பக்கம். இங்கே மாடு தழைத்தது. ஏன் தழைத்தது? இது மாசாய்களின் மந்தைகள் காலகாலமாக மேய்ந்து தழைத்த இடம். மாட்டுக்கு எந்தப் புல் ஆகும் என்று அவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்த இடம்.

அவர்கள் அங்கிருந்து எப்படிப் போனார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

1904இல் மாசாய் மதகுரு ஓலோனானாவையும் இன்னும் சிலரையும் வைத்து ஆங்கில அரசு ஓர் ஒப்பந்தம் போட்டது. பிளவுப் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு ஒரு பாதி வடக்கே லைக்கிப்பியாவுக்கும், ஒரு பாதி தெற்குக்கும் போய்விட வேண்டும். இரண்டுக்கும் நடுவே போக வர ஒரு பாதை விடப்படும். மாசாய் இனம் என்று ஒன்று இருக்கும்வரைக்கும் இந்த ஒப்பந்தம் செல்லும் என்று அதில் எழுதியிருந்தது. ஏழே வருஷம். 1911இல் இன்னொரு ஒப்பந்தம். லைக்கிப்பியாவையும் விட்டுவிட்டு எல்லாரும் தெற்கே போகச் சொன்னார்கள். மழையிலும் குளிரிலும் மாவ் மலையைத் தாண்டிப் பல்லாயிரம் பேரும் லட்சக்கணக்கான ஆடு மாடும் நடந்தார்கள். வழியெல்லாம் குழந்தைகளும் கன்றுகளும் செத்தன. 1913இல் மாசாய்கள் வக்கீல் வைத்து நீதிமன்றம் போனார்கள். 1904 ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். இது இரண்டு அரசுகளுக்கு இடையே நடந்த உடன்படிக்கை, இதை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. நிலத்தை எடுக்கும்போது அவர்கள் குடிகள். நிலத்தைத் திருப்பிக் கேட்கும்போது அவர்கள் அந்நிய நாட்டுக்காரர்கள். 1915இல் வெள்ளைக்காரர்களின் 99 வருஷக் குத்தகையை 999 வருஷமாக நீட்டி ஒரு சட்டம் வந்தது.

இப்போது 1923க்கு வருவோம். கென்யாவில் இந்தியர்கள் வெள்ளைக்காரர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கடை, ரயில், கட்டடம் எல்லாம் அவர்கள் கையில். ஆனால் மேட்டு நிலத்தில் ஒரு குழி நிலம் வாங்கக் கூடாது. வாக்குரிமை இல்லாத குறை வேறு. சம உரிமை கேட்டார்கள். டெலமேரின் ஆட்கள் கொதித்தார்கள். ஆளுநரையே கடத்தி ஒரு பண்ணையில் அடைத்துவைத்து, ரயிலையும் தந்தியையும் பிடித்துக்கொள்வது என்று திட்டம் போட்டார்கள். அது நடக்குமுன் காலனி அமைச்சர் டெவன்ஷயர் பிரபு எல்லாத் தரப்பையும் லண்டனுக்குக் கூப்பிட்டார். வெள்ளைக்காரக் குழுவுக்கு டெலமேர் தலைமை. கென்ய இந்தியர்களின் குழு ஒன்று. இந்தியச் சட்டசபையின் சார்பில் சாஸ்திரியார் தலைமையில் இன்னொன்று.

சாஸ்திரியார் பேரரசை நம்பியவர். பேரரசுக்குள் எல்லாக் குடிமக்களும் சமம் என்ற வார்த்தையை நம்பி, முந்தைய வருஷம்தான் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று உடம்பு முடியாமலேயே சுற்றி வந்திருந்தார். ஜூலையில் வெள்ளை அறிக்கை வந்தது. மேட்டு நிலம் வெள்ளைக்காரர்களுக்கே. இந்தியர்களுக்குத் தனித் தொகுதி, அதுவும் சில இடங்கள்தான். சாஸ்திரியார் நொறுங்கிப்போனார். நம்பிக்கை வைத்திருந்த மனிதருக்கு விழுந்த அடி அது. நம்பாதவர்களுக்கு விழுந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அதே அறிக்கையில் இன்னொரு வாசகமும் உண்டு. கென்யா ஆப்பிரிக்கர்களின் நாடு, அவர்கள் நலனும் குடியேறிகள் நலனும் மோதினால் அவர்கள் நலனே மேலானது என்ற பொருளில். அதை எழுதிவிட்டு மாசாய்களுக்கு ஒரு ஏக்கரைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை.

எங்கள் மண்ணில் பிறந்த சாஸ்திரியார் மேல் எனக்கு மரியாதை உண்டு. தென்னாப்பிரிக்காவில் அவர் பேரில் இருக்கும் கல்லூரி எத்தனை குடும்பங்களைத் தூக்கிவிட்டது என்று தெரியும். ஆனாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். லண்டனில் டெலமேர், இந்த நிலம் எங்களுக்கு மட்டும் என்றார். நம்மவர்கள், எங்களுக்கும் விற்க வேண்டும் என்றார்கள். அந்த மேசையில் மேய்ச்சல்காரர் ஒருவர்கூட இல்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் ஆப்பிரிக்கர்களின் உரிமைக்காகப் பேசிய ஹாரி துக்குவைக் கைதுசெய்ததை எதிர்த்து நைரோபியில் கூடிய ஆப்பிரிக்கர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தத் துக்குவுக்குத் தன் அச்சகத்தையும் அலுவலகத்தையும் திறந்துவிட்டவர் மணிலால் தேசாய் என்ற இந்தியர். ஆக, ஆப்பிரிக்கர் பக்கம் நின்று பார்க்கவும் அந்தக் காலத்திலேயே நம்மில் ஆள் இருந்தார்கள்.

லண்டன் மேசையில் இல்லாத மேய்ச்சல்காரர் நம்ம ஊர்க் கணக்கிலும் இல்லை. டெல்டாவில் நிலம் என்றால் உழுகிற நிலம்தான். மிராசுதார், குத்தகைக்காரர், பண்ணையாள் என்று நூறு வருஷமாக இங்கே நடந்த சண்டையெல்லாம் உழவைச் சுற்றித்தான். 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1961 நில உச்சவரம்பும், கீழ்வெண்மணியில் 1968இல் எரிக்கப்பட்ட 44 பேரும் அந்தச் சண்டைக்குள்தான் வருகிறார்கள். மேய்க்கிறவர் எந்தப் பக்கத்திலும் இல்லை. கென்யாவில் மாசாய்கள் நிலத்தை இழந்ததற்கு அடிப்படைக் காரணம் எனக்கு இங்கிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. மேய்கிறவன் நிலத்தில் எதையும் நட்டுவிட்டுப் போவதில்லை. வரப்பு இல்லை, வாய்க்கால் இல்லை, சர்வே கல் இல்லை. மந்தை அடுத்த மழைக்கு வேறு பக்கம் போயிருக்கும் நேரத்தில் வந்து பார்க்கிற அதிகாரிக்கு அது தரிசு.

தை அறுவடை முடிந்து, உளுந்து பயறும் எடுத்த பிறகு எங்கள் பக்கத்து வயல்களுக்கு ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கிடைக்காரர்கள் வருவார்கள். நூற்றுக்கணக்கில் செம்மறிகள். கூட்டத்துக்குத் தலைவர் கீதாரி. பகலெல்லாம் அறுத்த தாளிலும் வாய்க்கால் கரையிலும் மேயும்; ராத்திரி ஒரு வயலில் வலையைச் சுற்றிக் கட்டி அடைப்பார்கள். மறுநாள் வலையைப் பிடுங்கிப் பக்கத்துக் கட்டத்தில் நடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். கிடை போட்ட வயலில் அந்தப் போகம் யூரியா பாதி போட்டால் போதும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ராத்திரிக் கணக்குக்குக் காசோ நெல்லோ கொடுப்போம். விடியற்காலையில் கிடைப்பக்கம் போனால், குட்டிகளை அடைத்த கூட்டைத் தூக்கியதும் ஒவ்வொரு குட்டியும் அந்த நூற்றுக்கணக்கில் தன் தாயை மட்டும் தேடிக் கண்டுபிடித்து முட்டுவதைப் பார்க்கலாம். ஒன்றுகூடத் தப்பான மடிக்குப் போகாது. போனாலும் அந்தத் தாய் உதைத்துத் தள்ளிவிடும்.

எங்கள் வயலில் கிடை போட்ட கீதாரி ஒருவர் சொன்னார்: “முந்தியெல்லாம் பொறையாறு பக்கம் எறங்குனா பத்து நாளு மேச்ச கெடைக்கும் தம்பி. இப்பப் பூரா இறால் குட்டை. அந்தத் தண்ணியக் குடிச்சுருச்சுன்னா ஆட்டுக்குக் கழிச்சதான். ரோட்டோரமாவே ஓட்டிக்கிட்டு வந்துர்றோம்.” ரோட்டோரம் ஓட்டினால் லாரியில் அடிபடும். அதற்கு நஷ்ட ஈடு கேட்க அவருக்கு இந்த மாவட்டத்தில் விலாசம் கிடையாது. கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பே கொடுத்தது. பிறகு சட்டத்தில் வழி கண்டுபிடித்துப் பண்ணைகள் தொடர்ந்தன. மேய்ச்சல் புறம்போக்குகளும் மந்தைவெளிகளும் பட்டாவாகவும் கட்டடமாகவும் மாறியதை நான் சொல்லவே வேண்டாம். உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். 2022இல் காட்டுக்குள் மாடு மேய்க்கத் தடை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது தேனிப் பக்க மலைமாட்டுக்காரர்கள் எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு சரணாலயங்களுக்கும் புலிக் காப்பகங்களுக்கும் மட்டும் என்று அதைச் சுருக்கினார்கள். டெலமேர் மாதிரி ஒரு பிரபு இங்கே வரவேண்டிய தேவையே இருக்கவில்லை. துண்டு துண்டாகவே முடிந்துவிட்டது.

டெலமேர் 1931 நவம்பரில் இறந்தார். சொய்சாம்புவிலேயே புதைத்தார்கள். நைரோபியின் பெரிய சாலைக்கு அவர் பேர், சிலையும் வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அது கென்யாட்டா சாலை ஆனது. சிலையைப் பெயர்த்துக்கொண்டுபோய்ப் பண்ணையில் நிறுத்தினார்கள். பண்ணை இன்னும் குடும்பத்திடம்தான் இருக்கிறது. 2005இலும் 2006இலும் அங்கே இரண்டு கறுப்பினத்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முதலாமவர் வனவிலங்குத் துறையில் வேலை பார்த்த மாசாய். சுட்டவர் டெலமேரின் கொள்ளுப்பேரன். முதல் வழக்கு கைவிடப்பட்டது. இரண்டாவதில் தண்டனை கிடைத்தது. இப்போது சொய்சாம்பு ஒரு வனவிலங்குக் காப்பிடம். ஏரியில் பூநாரைகள் இறங்குகின்றன, நம்ம கோடியக்கரைக்கு வருகிற அதே சாதிப் பறவைதான். 2011 முதல் அந்த ஏரி உலகப் பாரம்பரியச் சின்னம்.

2004 ஆகஸ்ட்டில், 1904 ஒப்பந்தம் நூறு வருஷத்தைத் தொட்டபோது, மாசாய்கள் நைரோபியில் ஊர்வலம் போனார்கள். 99 வருஷக் குத்தகை முடிந்துவிட்டது, நிலத்தைக் கொடுங்கள் என்று லைக்கிப்பியாவில் பண்ணைகளுக்குள் மாட்டை ஓட்டினார்கள். போலீஸ் சுட்டது, ஒரு முதியவர் இறந்தார். நிலம் வரவில்லை. ஆனால் சும்மாவும் போகவில்லை. 2010 அரசியல் சட்டத்தில் அந்நியருக்கு 99 வருஷத்துக்கு மேல் குத்தகை கிடையாது என்று வந்தது. 2016இல் சமூக நிலச் சட்டம் வந்தது. மேய்ச்சல்காரச் சமூகம் ஒன்று தன் மேய்ச்சல் பரப்பைக் கூட்டாகத் தன் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம். நடைமுறையில் ஆயிரம் சிக்கல் இருக்கும். இருந்தாலும் மேய்ப்பதும் ஒரு நில உரிமைதான் என்று ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

இங்கே நாம் கேட்க வேண்டியது அவ்வளவுகூட இல்லை. கிடைக்காரர்கள் எந்த மாவட்டத்துக்குப் போனாலும் செல்லும் ஓர் அடையாள அட்டை. அவர்கள் வருகிற வழியில் இரண்டு மூன்று இடத்தில் ஆடுகள் நிற்கவும் தண்ணீர் குடிக்கவும் ஒதுக்கிய புறம்போக்கு. ஆட்டுக்குத் தடுப்பூசி போட, பட்டா எங்கே என்று கேட்காத கால்நடை மருந்தகம். மயிலாடுதுறை கலெக்டர் அலுவலகத்தில் மாசா மாசம் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. விவசாயி என்றால் அங்கே சிட்டா அடங்கல் உள்ளவர்தான் எழுந்து பேசுகிறார். அடுத்த கூட்டத்துக்கு இந்த மூன்றையும் மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். தங்கள் வயலில் கிடை போடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கூட வந்தால் நல்லது.